இறங்க மட்டும்

சரிதா என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால் அவள் வீட்டிலேயே ஆளுக்கொரு பதில் வரும். கணவன் மோகன்குமார், "கம்ப்யூட்டர்ல பஸ் டைம் ஏத்தறா" என்பான். அம்மா பார்வதி, "கவர்மெண்ட் வேலை மாதிரி" என்று சொல்லி அக்கம்பக்கத்தில் ஒரு மரியாதையைத் தேடி வைத்திருந்தாள். அதில் 'மாதிரி' மட்டும் யார் காதிலும் விழாது. வேலை இன்னதென்று உள்ளபடி புரிந்துகொண்டவர் அப்பா சென்னப்பன் ஒருவர்தான்.

கெலமங்கலம் சாலையில், ரயில்வே கேட்டை ஒட்டி, அவருக்குத் தக்காளியும் கோஸும் போடுகிற நிலமும் வீடும் இருக்கின்றன. மாமனார் வீட்டு நிலம் எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில். நிலத்தை அளக்க இங்கே சென்ட், அங்கே குண்டே. பாகம் பேச உட்கார்ந்தால் ஒன்றை இன்னொன்றாக மாற்றிச் சொல்ல நடுவில் ஒருவர் வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு கிடையாது, சண்டைதான். அதனால் மகள் வேலையை அவர் இப்படிச் சொல்வார்: "நம்ம பக்கம் பஸ்ஸ சென்ட்ல எழுதி வெச்சிருக்கறாங்க. அவங்க பக்கம் குண்டேல கேக்கறாங்க. எம்பொண்ணு மாத்திக் குடுக்கறா. நெலம் அதே நெலந்தான்."

இதைவிடத் தெளிவாக அவளுடைய முதலாளி சௌந்தரராஜனுக்கும் சொல்ல வராது. அவர் விருதுநகர்க்காரர். ஓசூருக்குத் தொழிற்சாலை வேலைக்கு வந்து, மேலதிகாரியோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்து, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு டயர் கடையின் மாடியில் நான்கு கணினிகளைப் போட்டு இந்த அலுவலகத்தை நடத்துகிறார். எந்தப் பேருந்து எந்த நிறுத்தத்துக்கு எப்போது வரும் என்ற விவரத்தையெல்லாம் திரட்டி, கணினிக்குப் புரிகிற ஒரு வடிவத்தில் எழுதிவைப்பது பாதி வேலை. ஊருக்கு ஊர் அந்த வடிவம் வேறு வேறாக இருப்பதால், ஒன்றில் இருப்பதை மற்றொன்றுக்குச் சிந்தாமல் சிதறாமல் மாற்றுவது மீதி வேலை.

அந்த மீதி வேலைதான் சரிதாவுடையது. பெங்களூரில் ஒரு நிறுவனம் பயணத்துக்கு வழி சொல்லும் செயலி ஒன்றை நடத்துகிறது. எங்கே போக வேண்டும் என்று வாயால் கேட்டால் போதும். எந்த நிறுத்தத்துக்கு நடக்க வேண்டும், எந்தப் பேருந்தில் ஏற வேண்டும், எங்கே இறங்கி மாற வேண்டும் என்று பேசிக்கொண்டே கூட வரும். கன்னடம் பேசும், தமிழும் பேசும். ஆனால் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி ஓசூருக்குள் வந்தால் ஊமையாகிவிடும், ஏனென்றால் இந்தப் பக்கத்துப் பேருந்துகளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்காக அந்த எல்லையைத் தாண்டுகிறார்கள், செயலிக்கு மட்டும் தாண்டத் தெரியவில்லை. ஓசூர் வட்டாரத்துப் பேருந்து விவரங்களை அவர்களுடைய வடிவத்துக்கு மாற்றித்தருகிற வேலை சௌந்தரராஜனுக்குக் கிடைத்தபோது யாரும் கேட்காமலே சரிதா கையைத் தூக்கினாள். காரணம் தங்கை அனிதா.

அனிதாவுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. சரிதாவைவிட ஆறு வயது சின்னவள். பள்ளிக்கூடத்துக்கு அக்கா கையைப் பிடித்துப் போனாள், ஆஸ்பத்திரிக்கு அம்மா கையை, மாற்றுத்திறனாளி சான்றிதழ் முகாமுக்கு அப்பா கையை. படித்தாள், கைபேசியைப் பேசவிட்டுப் பயன்படுத்தக் கற்றாள், சிப்காட் தொழிற்பேட்டையில் ரப்பர் வளையம் செய்கிற ஒரு கம்பெனியில் வேலையும் வாங்கிவிட்டாள். வளையத்தை விரலால் தடவிப் பிசிறு இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கிற வேலை. காலையில் சென்னப்பன் தன் பழைய டிவிஎஸ் வண்டியில் ஓசூர் பேருந்து நிலையம் வரை கொண்டுவந்து விடுவார். அங்கிருந்து கம்பெனி வண்டி. சாயங்காலம், கல்யாணமாகி ஓசூரிலேயே குடியிருக்கிற சரிதா அவளை கெலமங்கலம் பேருந்தில் ஏற்றி, "கேட்டுகிட்ட எறக்கி உட்டுடுங்கண்ணா" என்று நடத்துநரிடம் சொல்லி அனுப்புவாள். கேட்டருகே சென்னப்பன் காத்திருப்பார். அஞ்சல் பை கைமாறுவது போல அவள் கைமாறிக்கொண்டிருந்தாள், அதுவும் அன்பாகத்தான்.

அந்தக் கேட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது நிறுத்தமே இல்லை. நிறுத்தம் இன்னும் கொஞ்சம் தள்ளி, ரேஷன் கடைக்கு எதிரில் இருக்கிறது. ஆனால் கேட் போட்டிருந்தால் பேருந்து நின்றுதானே ஆக வேண்டும், பாதிப் பேர் அங்கேயே குதித்து வீட்டுக்கு நடந்துவிடுவார்கள். கேட் திறந்திருந்தாலும், யாராவது கேட்டுக்கொண்டால் நடத்துநர் ஒரு விசில் கொடுப்பார். ஏறுகிறவர்களுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. கேட் திறந்திருப்பதைக் கண்டுவிட்டால் எந்த ஓட்டுநரும் மறுபடி அடைப்பதற்குள் தாண்டிவிடத்தான் பார்ப்பார். கையைக் காட்டினால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். இது அந்தச் சாலையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

சரிதாவுக்குத் தெரியாதா? தெரிந்ததால்தான் அதைச் செய்தாள். நம் பக்கத்து வடிவத்தில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இரண்டு கட்டங்கள் உண்டு, இங்கே ஏறலாமா, இங்கே இறங்கலாமா என்று. எங்கேயும் இரண்டும்தான் உண்டு என்பதால் யாரும் அந்தக் கட்டங்களைத் தொடுவதில்லை. சரிதா மட்டும் தன் பிறந்த வீட்டு வாசலுக்காக ஒரு புது நிறுத்தத்தைச் சேர்த்து, அதற்கு 'ரயில்வே கேட்' என்று பெயர் வைத்து, ஏறுகிற கட்டத்தில் இல்லை என்றும் இறங்குகிற கட்டத்தில் உண்டு என்றும் குறித்தாள். தங்கையின் செயலி ரேஷன் கடை வரை அவளை இழுத்துக்கொண்டு போய் இறக்கக் கூடாதே என்ற பாசம். அதைச் செய்த அன்று ஒரு குழந்தைக்குத் தொட்டில் கட்டியது போல அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

மாற்றம் முடிந்தது, பெங்களூர்க்காரர்கள் ஏற்றினார்கள், செயலி ஓசூருக்குள்ளும் பேசத் தொடங்கியது. அனிதா அன்றைக்கே அப்பாவிடம் போய் நின்றாள்.

"நாளைல இருந்து நானே போறன்."

"எதுக்கு பாப்பா? நாந்தான் கொண்டாந்து உடறனே."

"உன் முதுகப் புடிச்சிகிட்டே போயி முதுகப் புடிச்சிகிட்டே வந்தா அது வேலைக்குப் போறதாப்பா?"

சென்னப்பன் வெளியே போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தார். வந்து ஒரு நிபந்தனை வைத்தார். "ஒரு வாரம் தனியா போ. ஒரு நாளாச்சும் வழியில மாட்டிகிட்டு நின்னன்னு வெச்சிக்க, அப்பறம் நாந்தான் கொண்டாந்து உடுவன். மறுபேச்சு பேசக்கூடாது." அனிதா ஒப்புக்கொண்டாள். அப்பா முரட்டு ஆள் இல்லை, பயந்த ஆள். பயந்த ஆளின் வாக்கை மாற்றுவது முரட்டு ஆளின் வாக்கை மாற்றுவதைவிடக் கஷ்டம் என்று அக்கா தங்கை இருவருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை காலை சரிதா பேருந்து நிலையத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றாள். தங்கை தனியாக வந்து இறங்குவதை அவளுக்குத் தெரியாமல் பார்க்க வேண்டும் என்று ஆசை. பார்வையில்லாத தங்கைக்குத் தெரியாமல் பார்க்கத் தூண் எதற்கு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கெலமங்கலம் பேருந்து ஒன்று வந்தது, அனிதா இறங்கவில்லை. இன்னொன்று வந்தது, அதிலும் இல்லை. அப்போது அப்பா போனில் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி, வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசுவது தெரிந்தது.

"சரிதா, பாப்பா கேட்டுகிட்டயே நிக்கறாம்மா. கையக் கையக் காட்டறா, ஒருத்தனும் நிறுத்தல."

"கேட்டுகிட்ட ஏன் நிக்கறா? ரேஷன் கடைகிட்டல்ல நிக்கணும்?"

"போனு அங்கதான் நிக்கச் சொல்லுச்சு. பேசிகிட்டே போனதை என் காதால கேட்டன்."

சரிதாவுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அந்தப் பக்கத்து வடிவத்தில் ஏறக் கூடாது என்றால் அதைத் தனி வரியாக எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் ஏறலாம், இறங்கலாம், இரண்டும் சரி என்று எடுத்துக்கொள்ளும். வடிவத்தை மாற்ற அவள் எழுதிய நிரல் அந்த வரியை எழுதவில்லை. மாவட்டத்தில் யாரும் தொடாத கட்டம் என்பதால் அதைச் சேர்க்க நினைக்கவில்லை. தொட்டிருந்தவள் அவள் ஒருத்திதான். வீட்டுக்குக் கிட்டத்தில் ஒரு நிறுத்தம் இருக்கிறதென்று செயலியும் நம்பி அனிதாவை அங்கே நிற்க வைத்துவிட்டது.

"நான் போயி கூட்டியாந்து உட்டுடறன்," என்றார் அப்பா. "லாரி பறக்கற ரோடும்மா."

போ என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இன்னொரு அழைப்பு வந்தது, அனிதா. அப்பாவைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுத் தங்கையின் அழைப்பை எடுத்தாள்.

"அக்கா, உன் ஆப் என்னெ கேட்டுகிட்ட கொண்டாந்து நிக்க வெச்சிருக்குது."

"என் தப்புடி. நான்தான்..."

"அது அப்பறம். அப்பா பூவரச மரத்துக்கு அந்தாண்ட நிக்கறாரு. வண்டிய ஆஃப் பண்ணிட்டு தள்ளிகிட்டு வந்தா எனக்குத் தெரியாதாம். செருமிகிட்டே நிக்கறாரு. அவர வர வேணாம்னு சொல்லு."

"ரோட்டுல எங்கடி நிக்கற?"

"ஓரமாத்தான் நிக்கறன், மைல் கல்லு மேல கைய வெச்சிகிட்டு. பாசஞ்சர் வர்ற நேரந்தான். கேட்டு போடுவாங்க, பஸ்ஸு நின்னுதான ஆவணும். அக்கா, அப்பாகிட்ட ஒன்னு சொல்லு. நான் மாட்டிகிட்டு நிக்கல. பஸ்ஸுக்கு நிக்கறன்."

சரிதாவுக்கு அந்த இடத்தில் அழுகை வந்தது. வந்ததை மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை, பேருந்து நிலையத்தில் யார் யாரையோ வழியனுப்பி அழுகிறவர்கள் தினமும் உண்டு. அப்பாவை அனுப்புவது சுலபம். தங்கை பத்திரமாக வந்துசேர்வாள். ஆனால் இனி எந்நாளும் அப்பாவின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் வருவாள். அவரால் வண்டி ஓட்ட முடியாமல் போகிற நாளில் வேலையும் போய்விடும். அனுப்பாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால்? ஒரு கட்டத்தை நிரப்பி இன்னொரு வடிவத்தில் அதை மறந்தவளுக்கு, போ, போகாதே என்று சொல்ல என்ன யோக்கியதை?

அப்பாவின் அழைப்புக்குத் திரும்பினாள்.

"அப்பா, போவாத."

"என்னாம்மா சொல்ற?"

"அவ மாட்டிகிட்டு நிக்கலயாம். பஸ்ஸுக்கு நிக்கறாளாம். கேட்டு போட்டதும் ஏறிக்கறன்னு சொல்றா. அப்பவும் பஸ்ஸு நிக்கலன்னா நீ போ. அதுவரைக்கும் மரத்துகிட்டயே இரு."

அவர் போனை வைக்கவில்லை. செருமல் கேட்டது, ஒரு லாரி போனது கேட்டது. பிறகு கேட்டின் மணி. இரும்புத் தடுப்பு இறங்கும் கிறீச். பெரிய வண்டி ஒன்று பிரேக் போடும் சத்தம். அதற்கு மேல் ரயிலின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை, சரிதா காதைப் போனோடு ஒட்டி அழுத்திக்கொண்டு நின்றாள். ரயில் ஒருவழியாகப் போய் முடிந்தது. மணி நின்றது. பேருந்து நகர்கிற சத்தம்.

"ஏறிட்டா," என்றார் சென்னப்பன். பிறகு, "கண்டக்டரு கைய நீட்டனான். புடிக்கல. கம்பியத் தேடிப் புடிச்சி தானா ஏறிட்டா" என்றார்.

ஓசூரில் அனிதா இறங்கியபோது சரிதா தூணுக்குப் பின்னால் இல்லை, படிக்கட்டுக்கு எதிரிலேயே நின்றாள். கம்பெனி வண்டி போய்விட்டிருந்தது. இருவரும் சிப்காட் டவுன் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்கள். நடக்கும்போதே சரிதா எல்லாவற்றையும் சொன்னாள். புது நிறுத்தம் சேர்த்தது, 'இறங்க மட்டும்' என்று குறித்தது, மாற்றும்போது அது உதிர்ந்துபோனது, அவளைக் கேட்டருகே நிற்க வைத்தது, எல்லாம்.

அனிதா சிரித்தாள். "ஏன்க்கா, மாத்தும்போது உதுந்தது இருக்கட்டும். மொதல்ல ஏன் எறங்க மட்டும்னு போட்ட?"

"அங்க ஏற முடியாதில்ல."

"அதில்ல. எனக்குன்னு ஒன்னு செய்யணும்னு ஒக்காந்தியே, நான் ஊட்டுக்கு வர்றதுதான் உனக்கு மொதல்ல நெனப்பு வந்துச்சு. அப்பாவுக்கும் அதேதான், அம்மாவுக்கும் அதேதான். பாப்பா பத்திரமா வந்து எறங்கணும். கெளம்பிப் போறத யாருமே நெனச்சதில்ல."

குறையாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள். சரிதா தங்கையின் கையைப் பிடிக்கப் போய், பிடிக்காமல் கூடவே நடந்தாள். அனிதாதான் அவள் முழங்கையைத் தொட்டுக்கொண்டாள். அன்று தாமதமாகப் போனதற்கு மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கினாள். எல்லாரையும் திட்டுவது போலவே தன்னையும் திட்டினார் என்று சாயங்காலம் பெருமையாகச் சொன்னாள்.

அலுவலகத்தில் சரிதா நேராகப் போய் சௌந்தரராஜனிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் கோபக்காரர், ஆனால் அன்றைக்குக் கோபப்படவில்லை. "ஏறுற எடம், எறங்குற எடம் ரெண்டையும் சரி பாக்காம நானும்தாம்மா கையெழுத்துப் போட்டு அனுப்பிருக்கேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் நிரலைத் திருத்தி, மொத்தத்தையும் மறுபடி மாற்றி, ஒவ்வொரு வழித்தடத்தையும் ஒரு பயணியாக நினைத்துக்கொண்டு ஏறியும் இறங்கியும் பார்த்தாள். கேட் நிறுத்தத்தையே எடுத்துவிடலாமா என்று சௌந்தரராஜன் கேட்டார். வேண்டாம் என்றாள். திரும்பி வருகிறவளுக்கு அது வேண்டும். புறப்படுகிறவளைத்தான் ரேஷன் கடைக்கு அனுப்ப வேண்டும். பெங்களூர்க்காரர்கள் அன்றைக்கே ஏற்றிவிட, மறுநாள் காலை செயலி அப்படியே அனுப்பியது.

வாக்கு விஷயத்தை அப்பாவிடம் எப்படிப் பேசுவது என்று சரிதா இரண்டு நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். பேசவே வேண்டியிருக்கவில்லை. "அன்னிக்கி மாட்டிகிட்டுதான நின்னா?" என்று பார்வதி எடுத்துக்கொடுத்ததற்கு, சென்னப்பனே, "யாரு சொன்னா? பஸ்ஸுக்கு நின்னா" என்று சொல்லிவிட்டு இலையில் குனிந்துகொண்டார். ஆனாலும் காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு பூவரச மரம் வரை போவதை அவர் விடவில்லை. அனிதாவும் தெரியாதது போலவே இருந்தாள். சாயங்காலம் கேட்டருகே போய் நிற்பதையும் அவர் விடவில்லை.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறிய ஒரு சனிக்கிழமை, வேலை முடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அனிதா கூப்பிட்டாள். பின்னால் கன்னடத்தில் யாரோ கூவி விற்கிற சத்தம்.

"அக்கா, அத்திப்பள்ளில இருக்கறன்."

சரிதா எழுந்து நின்றுவிட்டாள். "அத்திப்பள்ளியா? யாரு கூட?"

"யாரும் இல்ல. ஓசூர்ல இருந்து எல்லையத் தாண்ட எந்த பஸ்ஸுன்னு போனக் கேட்டன். சொல்லுச்சு. ஏறனன். எல்ல வந்ததும் ஊமையாயிடுமோன்னு பாத்தன், பேசிகிட்டேதான் வந்துச்சு. நீ மாத்தனது நல்லா இருக்குதுக்கா."

"சரிடி, எதுக்குப் போன?"

"சும்மா."

சரிதா மெல்ல உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அனிதா எங்கெங்கோ போயிருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது, கூட ஓர் ஆளும் இருந்தார். சும்மா ஓர் இடத்துக்கு அவள் போனதே கிடையாது. எப்போது வருவாய் என்ற கேள்வி சரிதாவின் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, "அங்க என்னா இருக்குது?" என்று கேட்டாள்.

"ஒன்னும் இல்ல. தூசி, ஹாரனு. ஒரு கடையில பஜ்ஜி போடறாங்க, அதத் தேடிப் போயிகிட்டிருக்கறன்," என்றாள் அனிதா. "வெக்கறன்க்கா, எண்ணெ வாசன கிட்ட வந்துடுச்சு."

பொழுது சாய்கிற நேரத்துக்கு அப்பா கூப்பிட்டார். பின்னால் கேட்டின் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"சரிதா, கெலமங்கலம் பஸ்ஸு வந்து நிக்குது. பாப்பா எறங்கலயேம்மா."

"அவ இன்னும் ஏறவே இல்லப்பா."

"எங்க இருக்கறா?"

"அத்திப்பள்ளில. தனியாத்தான். சும்மா சுத்திப் பாக்கப் போயிருக்கறா."

மணி அடித்து ஓய்ந்தது. ரயில் போனது. தடுப்பு மேலே ஏறுகிற கிறீச் சத்தம் கேட்டது.

"பஜ்ஜி கிஜ்ஜி வாங்கித் தின்ன கையில காசு வெச்சிருக்கறாளா?" என்று கேட்டார் சென்னப்பன்.

"வெச்சிருக்கறாப்பா. அவ சம்பாதிச்ச காசு."

"சரி, மெதுவா வரட்டும்," என்றார். "வந்தா எறங்கி ஊட்டுக்கு நடந்து வரத் தெரியும் அவளுக்கு. நான் போயி மாட்டுக்குத் தண்ணி காட்டறன்."

அதன் பிறகு டிவிஎஸ் வண்டியை உதைத்துக் கிளப்புகிற சத்தம் கேட்டது. இந்தத் தடவை அவர் அதைத் தள்ளிக்கொண்டு போகவில்லை.